பல வருட அனுபவம் உள்ள கிராமக் குடிநீர் ஆபரேட்டருக்கு மறுபடியும் பயிற்சி எதற்கு?

கேட்டவர் 12 வருடமாகத் தனி ஆளாக ஒரு கிராமத்தின் குடிநீரையும் கழிவுநீர் நிலையத்தையும் பார்த்துக்கொள்பவர். மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுகிற தன்னை வகுப்பில் உட்காரவைத்து என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்.

நானும் அதே வேலையில் இருந்தவன். முதல் தடவை பயிற்சிக்குக் கூப்பிட்டபோது நானும் இப்படித்தான் நினைத்தேன். கட்டாயம் போங்கள். தனியாக வேலை பார்ப்பவருக்குத்தான் அது அதிகம் தேவை. பெரிய நிலையத்தில் ஒருவர் செய்யும் தவறு அடுத்த ஷிப்டுக்கு வருபவர் கண்ணில் பட்டுவிடும். நமக்கு அந்த இன்னொரு ஜோடிக் கண் கிடையாது. முதல் வருடத்தில் செய்த தவறு நாளடைவில் பழக்கமாகி, பிறகு அதுதான் முறை என்றே மனதில் பதிந்துவிடும்.

என் விஷயத்தில் அது பிளீச்சிங் பவுடர். எனக்கு முன்னால் இருந்தவர் காட்டிக்கொடுத்த டப்பாவால்தான் வருடக்கணக்காக அளந்து போட்டேன். பயிற்சிக்கு வரும்போது அவரவர் மூட்டையிலிருந்து கொஞ்சம் பவுடர் கொண்டுவரச் சொன்னார்கள். நல்ல பவுடரில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பயன்படும் குளோரின் இருக்கும். என்னுடையதைச் சோதித்தால் 20 சதவீதம்தான் தேறியது. மூட்டையின் வாயைக் கட்டாமல் மோட்டார் அறை ஈரத்திலேயே வைத்திருந்தேன்; காற்றும் ஈரமும் வெப்பமும் குளோரினைத் தின்றுவிட்டன. 10,000 லிட்டர் தொட்டிக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 20 கிராம் குளோரின் வேண்டும். நல்ல பவுடர் என்றால் 60 கிராம் போதும், என் பவுடரில் 100 கிராம் போட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே டப்பாதான் போட்டிருக்கிறேன். கடைசித் தெருக் குழாயில் எவ்வளவு குளோரின் மிஞ்சியிருக்கும் என்று யோசித்து அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

காரணங்களையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். குளோரின் போட்ட பிறகு 30 நிமிடமாவது தண்ணீர் ஏன் நிற்க வேண்டும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் எண் 8-ஐத் தாண்டினால் அதே குளோரின் ஏன் வலுவிழக்கிறது, கலங்கல் தண்ணீரில் கிருமிகள் மண் துகள்களுக்குள் எப்படித் தப்பித்துக்கொள்கின்றன என்பதெல்லாம் தெரிந்தால்தான், மழை நாளில் வழக்கமான அளவு போதாது என்று கைக்குத் தோன்றும்.

அனுபவம் மட்டும் போதாது என்பதற்கு நான் எப்போதும் சொல்வது, கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள வாக்கர்டன் என்ற சிற்றூரில் நடந்ததைத்தான். 2000 மே மாதம் பெருமழையில் மாட்டுச் சாணத்திலிருந்த கிருமிகள் ஊரின் ஒரு கிணற்றுக்குள் போய்விட்டன. 7 பேர் இறந்தார்கள், 2,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். அந்தக் குடிநீரைப் பார்த்துக்கொண்டவர்கள் 20 வருடத்துக்கு மேல் அதே வேலையில் இருந்தவர்கள். தேர்வு எழுதாமல், அனுபவத்தை வைத்தே சான்றிதழ் வாங்கியவர்கள். குளோரினை அளக்காமலேயே பதிவேட்டில் எண்களை எழுதியதும் விசாரணையில் வெளிவந்தது. என் மனதை அதிகம் உறுத்துவது ஒன்று: அவர்களே அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் குடித்துவந்தார்கள். அது சுத்தம் என்று உண்மையாகவே நம்பினார்கள்.

கழிவுநீர்ப் பக்கம் வந்தால், நச்சு வாயு வகுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை போல நாறும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவரும், அவரைத் தூக்க ஓடியவரும் சேர்ந்து செத்திருக்கிறார்கள். வாயு அளக்கும் கருவியையும் மீட்புக் கயிறையும் கையில் பிடித்துப் பழக வேண்டும், இணைய வகுப்பில் பார்த்தால் போதாது. கணக்கு, வேதியியல் போன்றவற்றை இணையத்தில் தாராளமாகப் படிக்கலாம்.

சரி, நீங்கள் போனால் மோட்டாரை யார் பார்ப்பது? இதுதான் உண்மையான தடை, இதைத் தட்டிக்கழிக்க முடியாது. நானும் அடுத்த ஊர் ஆபரேட்டரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். அவர் பயிற்சிக்குப் போன இரண்டு நாள் நான் அவருடைய நிலையத்தில் இருந்தேன். அங்கே வால்வுகளுக்கு எண் எழுதி வரைபடம் மாட்டியிருந்தார். ஊருக்குத் திரும்பியதும் நானும் அதைச் செய்தேன்.

போகும்போது உங்கள் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று மாதமாகக் குளோரின் அளவு ஒரே எண்ணாக இருந்தால், அது ஏன் என்று அங்கே யாராவது கேட்பார்கள்.