வீட்டுக்குப் போகத் தயங்கும் நான்காம் வகுப்பு மாணவி: ஆசிரியருக்குப் பதில்

வணக்கம். கலகலப்பாக இருந்த நான்காம் வகுப்பு மாணவி ஒரு மாதமாகப் பேச்சைக் குறைத்துவிட்டாள், மணியடித்த பின்னும் பையை மெதுவாக அடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தயங்குகிறாள், மேற்கையின் உட்புறம் கன்றியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடியாடும் பிள்ளைகளுக்கு முழங்காலிலும் முழங்கையிலும் நெற்றியிலும் அடிபடுவது இயல்பு. ஆனால் மேற்கையின் உட்புறம், காது, முதுகு, தொடை ஆகிய இடங்களில், அதுவும் விரல் பதிந்தாற்போலக் கன்றியிருந்தால், விழுந்துவிட்டாள் என்ற விளக்கத்தை அப்படியே ஏற்க முடியாது. தயக்கம் மட்டுமென்றால் வேறு காரணங்கள் இருக்கலாம். மூன்றும் சேர்ந்திருப்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது.

"என்னம்மா ஆச்சு?" என்று தனியே ஒரு முறை கேளுங்கள், "அப்பா அடித்தாரா?" என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்களிக்கவும் வேண்டாம். அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே தேதியிட்டு எழுதி வையுங்கள். வீட்டாரை முதலில் அழைத்து விசாரிப்பது (நம் பள்ளிகளில் வழக்கமாக நடப்பது இதுதான்) பிள்ளைக்கே ஆபத்தாக முடியலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள், சான்று கையில் இருக்க வேண்டியதில்லை. பாலியல் கொடுமை என்ற ஐயம் எழுந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்; தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டதால் உங்கள் கடமை முடிந்துவிடாது.