அந்தப் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும்? வெப் டெவலப்மென்ட் படிப்பவர்களுக்குக் கேள்வி பதில்

பல்கலைக்கழகத்தில் வெப் அப்ளிகேஷன் பாடம் எடுத்தவர்கள், எடுக்கப் போகிறவர்கள், எடுத்துவிட்டு விழி பிதுங்கி நிற்கிறவர்கள் எல்லோரும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பகலில் எனக்கு இதே வேலைதான். வாரத்தில் இரண்டு மாலை லேப் எடுக்கிறேன். செமஸ்டர் கடைசியில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இனியன், இரண்டாம் ஆண்டு: அக்கா, எங்க சிலபஸ்ல இன்னும் ஜாவா சர்வ்லெட்தான் ஓடுது. வெளியில எல்லாரும் ரியாக்ட்டுங்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக்குப் போயாச்சு. இதைப் படிச்சு என்ன பிரயோஜனம்?

சர்வ்லெட்டை, அதாவது சர்வரில் ஓடிப் பதில் சொல்கிற அந்த ஜாவா நிரலை, நம்பி வேலை தேடச் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் அந்த லேப்பில் ஒரு நல்லது உண்டு, அது எதையும் மூடி மறைப்பதில்லை. பிரவுசர் அனுப்பிய ரிக்வெஸ்ட் (கோரிக்கை) வந்து நிற்கும். நீங்களே பிரித்துப் பார்த்து, நீங்களே பதில் எழுதி அனுப்ப வேண்டும். புது ஃபிரேம்வொர்க்குகள், அதாவது பாதி வேலையை முன்பே செய்து தருகிற கருவித்தொகுப்புகள், இதையெல்லாம் அடுப்படியிலேயே முடித்துவிட்டு இலையில் பரிமாறிவிடும். சாப்பிட சுகம்தான், சமைக்க மட்டும் வராது.

ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க் 2010ல் வந்தபோது இனி இதுதான் என்றார்கள். 2021 முடிவோடு அதற்கான ஆதரவே நின்றுவிட்டது. பிரவுசரில் அனிமேஷன் காட்டிய ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு போயிற்று. அதே நேரம், 1991ல் இருந்த எச்டிடிபியில் (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறை) 'இந்தப் பக்கத்தைக் கொடு' என்கிற கெட் என்ற ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது. அந்த கெட் இன்று காலை நீங்கள் திறந்த பக்கத்திலும் ஓடியிருக்கிறது. உங்கள் சிலபஸில் எது பழசு, எது பழசாகாதது என்று பிரிக்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும்.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் லாகின் செய்கிற ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போங்கள். இப்போது லாகின் செய்யுங்கள். வரிசையாக விழுகிற வரிகளில் உங்கள் பாஸ்வேர்டைச் சுமந்து போனது எது என்று கண்டுபிடியுங்கள். போஸ்ட், அதாவது தகவலை அனுப்புகிற கட்டளை, என்று இருக்கும். அதற்கு வந்த பதிலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் 'இந்தக் குக்கியை (அடையாளச் சீட்டு மாதிரி ஒரு சின்னத் தகவல்) வைத்துக்கொள்' என்று சர்வர் சொல்லியிருக்கும். அடுத்த ரிக்வெஸ்டைத் திறந்தால் பிரவுசர் அதே குக்கியைத் திருப்பிக் காட்டியிருக்கும். எச்டிடிபிக்கு ஞாபகமே கிடையாது, ஒவ்வொரு முறையும் நீங்கள் அதற்கு அந்நியர்தான். அந்த மறதிக்கு வைத்தியமாக 1994ல் நெட்ஸ்கேப் பிரவுசர் நிறுவனத்தில் லூ மொன்டூலி கொண்டு வந்ததுதான் குக்கி. இந்த ஒரே ஒரு ரிக்வெஸ்டை பட்டனிலிருந்து டேட்டாபேஸ் வரை போய்த் திரும்புகிற வரை கண்ணால் தொடர முடிந்தால், ரியாக்ட் இரண்டு மாத வேலை. முடியாவிட்டால் ரியாக்ட் இரண்டு வருஷக் குழப்பம்.

பெயர் வேண்டாம்: எனக்குக் கணக்கு வராது. இந்தப் பாடம் எடுக்கலாமா?

எடுக்கலாம். தினசரி வெப் வேலையில் நுண்கணிதம் குறுக்கே வருவது அபூர்வம். 'இது உண்மையாகவும் அது பொய்யாகவும் இருந்தால்' என்று கிளை பிரித்து யோசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பணத்தை மட்டும் தசம எண்ணாக வைத்துக் கூட்டாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பைசாக் கணக்காக முழு எண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலர்: அக்கா, டேட்டாபேஸ் தியரி பேப்பர்ல நார்மலைசேஷன், ட்ரான்ஸாக்‌ஷன்னு உயிரை வாங்குறாங்க. நிஜ ப்ராஜெக்ட்ல இதெல்லாம் வருமா?

வரும். அதுவும் டெமோ அன்றைக்குத்தான் வரும்.

வைவாவில் நான் அதிகம் பார்ப்பது இடம் பதிவு செய்கிற ப்ராஜெக்ட். பஸ், தியேட்டர், கருத்தரங்கு, ஏதோ ஒன்று. எல்லாம் அழகாக ஓடும். நான் இரண்டு பிரவுசர் ஜன்னல்களைத் திறந்து வைத்து, கடைசி ஓர் இடத்துக்கு இரண்டிலும் ஒரே சமயம் அழுத்தச் சொல்வேன். பல நேரம் இருவருக்குமே 'பதிவு வெற்றி' என்று வரும். மீதி இடம் என்று பார்த்தால் மைனஸ் 1.

காரணம் எளிது. முதல் ரிக்வெஸ்ட் 'எத்தனை மீதி?' என்று கேட்கிறது, 1 என்று பதில். அது எழுதி முடிக்கும் முன்பே இரண்டாவது ரிக்வெஸ்டும் கேட்கிறது, அதற்கும் 1 என்றே பதில். இருவரும் ஒன்றைக் கழிக்கிறார்கள். மாணவர்கள் உடனே ஒரு இஃப் சேர்க்க ஓடுவார்கள். ஓட்டையே அந்த இஃப்புக்கும் அப்டேட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. கேட்பதையும் கழிப்பதையும் ஒரே வாக்கியமாக டேட்டாபேஸிடமே சொல்லுங்கள்: 'மீதி 0க்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் குறை.' பிறகு எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள். 1 என்றால் இடம் கிடைத்தது, 0 என்றால் கிடைக்கவில்லை. இடத்துக்கு எண் உண்டென்றால், காட்சியும் இட எண்ணும் சேர்ந்த ஜோடி இரண்டாம் முறை வரக்கூடாது என்று யுனிக் கட்டுப்பாடும் போடுங்கள். உங்கள் நிரல் தூங்கினாலும் டேட்டாபேஸ் தூங்காது.

பல படிகளை ஒன்றாகச் சேர்த்துக் காக்கிற ட்ரான்ஸாக்‌ஷன் பாடமும் இந்த மாதிரி இடைவெளிகளைப் பற்றியதுதான். இனி நார்மலைசேஷனுக்கு வருவோம். ஒரே தகவல் பல இடத்தில் திரும்ப வராதபடி டேபிள்களைப் பிரிப்பதுதான் அது; எட்கர் காட் 1970ல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய விஷயம். அதன் படிகளில் மூன்றாம் வடிவம் வரை கையில் வந்தால் போதும். அதற்கு மேல் தேர்வுக்குப் படியுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

ராகவி: சிஎஸ்எஸ் எனக்கு எதிரி. ஒரு டப்பாவை நடுவில் நிறுத்தவே ஒரு நாள் போகுது.

சிஎஸ்எஸ் என்கிற பக்க அலங்கார மொழியில் டப்பாக்களை அடுக்கும் வழிகளான ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட் இரண்டையும் ஒரு வாரம் உட்கார்ந்து படித்துவிடுங்கள், பாதிப் பகை தீரும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கட்டும். சாதாரண அளவு எழுத்துக்கு அணுகல்தன்மை விதிகள் கேட்பது அதுதான். வெளிர் சாம்பலில் எழுதிவிட்டு 'மினிமல் டிசைன் மேடம்' என்கிறவர்களிடம் என் பொறுமை கொஞ்சம் குறைவு.

கதிர், இறுதி ஆண்டு: லாகின் பேஜ் நல்லா வேலை செஞ்சது. ஆனா செக்யூரிட்டி சரியில்லன்னு எக்ஸாமினர் மார்க்கைக் குறைச்சுட்டார். காலேஜ் ப்ராஜெக்ட்டை யார் ஹேக் பண்ணப் போறா?

நீங்கள் நிரலையும் அனுப்பியதால் பார்த்தேன். எக்ஸாமினர் பக்கம்தான் நியாயம், கோபிக்காதீர்கள்.

பயனர் தட்டியதை எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் பேசும் மொழி) வாக்கியத்துக்குள் கூட்டல் குறி போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். பெயர்க் கட்டத்தில் யாராவது ஒரு ஒற்றை மேற்கோளைப் போட்டு, பின்னால் 'அல்லது 1=1' என்ற பொருளில் சேர்த்து, மிச்சத்தை டேட்டாபேஸ் கண்டுகொள்ளாத குறிப்புரையாக்கிவிட்டால் என்ன ஆகும்? மேற்கோள் உங்கள் வாக்கியத்தை நடுவிலேயே மூடிவிடும். அதற்குப் பின்னால் வருவது தகவல் அல்ல, கட்டளை. 1=1 எப்போதும் உண்மை, ஆகவே பாஸ்வேர்டே இல்லாமல் முதல் வரிசையில் இருக்கிற ஆளாக உள்ளே போகலாம். உங்கள் டேபிளில் முதல் வரிசை யார்? அட்மின். மருந்து, பிரிபேர்டு ஸ்டேட்மென்ட். வாக்கியம் தனியாகப் போகும், மதிப்பு தனியாகப் போகும். மதிப்பில் என்ன குறும்பு எழுதினாலும் அது வெறும் எழுத்தாகவே நிற்கும்.

அடுத்தது, பாஸ்வேர்டை எம்டி5 என்ற ஹாஷ் முறையில், அதாவது திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி, வைத்திருக்கிறீர்கள். எம்டி5 வேகமானது, அதுதான் இங்கே குற்றம். டேபிள் திருடு போனால் ஒவ்வொரு பாஸ்வேர்டாக ஊகித்துப் பார்க்கத் திருடனுக்கும் அதே வேகம் கிடைக்கும். 1999ல் வந்த பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறை வேண்டுமென்றே மெதுவாக ஓடும். ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் தனி உப்பையும் (கூடக் கலக்கும் தற்செயலான எழுத்துகள்) அதுவே சேர்த்துவிடும். ஒரு வரி மாற்றம்தான்.

மூன்றாவதை எக்ஸாமினர் கவனிக்கவில்லை, ஆனால் அதுதான் பெரியது. மாணவர் விவரப் பக்கத்தின் முகவரி 41 என்று முடிகிறது. அதை 42 என்று மாற்றினால் அடுத்தவர் மதிப்பெண் வருகிறது. லாகின் ஆகியிருக்கிறாரா என்று பார்த்தீர்கள், இது அவருடையதா என்று பார்க்கவில்லை. வெப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2017 ஆபத்துப் பட்டியலில், நான் முதலில் சொன்ன ஓட்டை வகையான இன்ஜெக்‌ஷன் முதலிடத்தில் இருந்தது. 2021 பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது இந்த மாதிரி அணுகல் ஓட்டைதான். பட்டனை மறைத்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். எஃப்12 எல்லோரிடமும் இருக்கிறது. பிரவுசரில் செய்கிற சோதனை பயனரின் வசதிக்கு, சர்வரில் செய்கிற சோதனைதான் பாதுகாப்புக்கு.

செல்வி: என் தளத்துல தமிழ்ப் பெயர் போட்டா நீளம் தப்பா காட்டுது. 'தமிழ்'னு 3 எழுத்து போட்டா 5ங்குது. பக் எங்க அக்கா?

பக் இல்லை, எண்ணுவதில் வித்தியாசம். நம் கண்ணுக்கு த, மி, ழ். எல்லா மொழி எழுத்துக்கும் எண் தருகிற யூனிகோடுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆகவே ஜாவாஸ்கிரிப்ட் 5 என்கிறது. யூடிஎஃப்8ல் (யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை) சேமித்தால் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. மூன்று பதில்களும் சரிதான், நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தச் சொல்லை ஒவ்வொரு குறியாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதலில் புள்ளி ஒண்ட இடமில்லாமல் தனியாகத் தொங்கும், பிறகு 'ழிமத' என்று வரும். மகரத்தின் இகரம் ழகரத்தின் மேல் ஏறிவிட்டது!

கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை எண்ண ஜாவாஸ்கிரிப்டிலேயே செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. பெயர்க் கட்டத்தில் 'ஏ முதல் இசட் வரை மட்டும்' என்று விதி போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், நம் பெயரை நாமே தப்பு என்று சொல்லக்கூடாது. டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் யூடிஎஃப்8எம்பி4 தேர்ந்தெடுங்கள். பழைய யூடிஎஃப்8ல் தமிழ் நிற்கும், இமோஜி நிற்காது.

ஜான்: எல்லாக் கோடையும் ஏஐ எழுதிக் கொடுக்குது. இன்னும் எதுக்கு நாலு வருஷம்?

எழுதிக் கொடுக்கும், நானும் தினமும் வாங்குகிறேன். ஆனால் வைவாவில் நான் கேட்பது ஒரே கேள்விதான்: 'இந்தப் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும்?' போன முறை ஒரு பையன் நேர்த்தியான ப்ராஜெக்ட் கொண்டு வந்தான். கேட்டதும் 'சேவ் ஆகும் மேடம்' என்றான். எங்கே? 'டேட்டாபேஸ்ல.' யார் அனுப்புகிறார்கள்? மௌனம். ஒரு வரியைக் குறிப்புரையாக்கிவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன், 500, அதாவது சர்வர் பிழை, என்று வந்தது. எந்த லாக்கை (பிழைப் பதிவேடு) திறப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. அவன் முட்டாள் இல்லை. தன் நிரல் உடைந்து அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஏஐ தருவதை வாங்குங்கள், வாங்கியபின் வேண்டுமென்றே ஒரு வரியை உடைத்து என்ன கதறுகிறது என்று பாருங்கள்.

குழு ப்ராஜெக்ட்ல நாலு பேர். வேலை செய்யறது நான் மட்டும். என்ன பண்ண? (இதையே ஒன்பது பேர் கேட்டிருக்கிறீர்கள்.)

முதல் நாளிலிருந்தே கிட், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி. 2005ல் லினக்ஸ் ஆட்கள் ஒரு சண்டைக்குப் பிறகு உருவாக்கியது, உங்கள் சண்டைக்கும் ஆகும். யார் எந்த வரியை எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று அதுவே சாட்சி சொல்லும், நீங்கள் போய்ப் புகார் சொல்ல வேண்டாம். கமிட் செய்தியில் (ஒவ்வொரு பதிவோடும் எழுதும் குறிப்பு) 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜ ஃபைனல்' என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஒரு தாய்: மகள் இந்தப் படிப்பில் சேர்கிறாள். விலை உயர்ந்த லேப்டாப் கேட்கிறாள். அவசியமா?

இல்லைங்க அம்மா. கேமிங் லேப்டாப் தேவையே இல்லை. 16 ஜிபி மெமரி இருந்தால் நிம்மதி, 8 இருந்தாலும் ஓட்டிவிடலாம். எஸ்எஸ்டி டிஸ்க் இருக்க வேண்டும். போனை வைத்து மட்டும் சமாளிக்கச் சொல்லாதீர்கள்.

அருள்: என் மெஷின்ல ஓடுது, சர்வர்ல போட்டா படங்கள் எதுவும் வரல. நாளைக்கு டெமோ!

படக் கோப்புகளின் பெயரைப் பாருங்கள், பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது. எனக்கும் இறுதி ஆண்டு டெமோவில் இதேதான் நடந்தது. லோகோ இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த காகிதப் படம். மேசைக்கு எதிரே மூன்று பேராசிரியர்கள், எனக்கு வியர்த்து ஊற்றுகிறது. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்துக்கு மாற்றுங்கள். அதிலும் தீராவிட்டால் நெட்வொர்க் பகுதியில் சிவப்பாக இருக்கிற வரியைப் பாருங்கள். 404 என்றால் பாதை தப்பு, 403 என்றால் அனுமதி தப்பு. முடிந்ததும் இங்கே வந்து சொல்லுங்கள், விழித்திருக்கிறேன்.

இனியன், மறுபடியும்: கடைசியா ஒண்ணு அக்கா. 418ன்னு ஒரு எரர் இருக்காமே, நிஜமா?

'நான் ஒரு தேநீர்க் கெண்டி.' 1998 ஏப்ரல் 1 அன்று காபிப் பாத்திரத்தை இணையம் வழியே இயக்க விதிமுறை என்று ஒரு விளையாட்டு ஆவணம் வெளியிட்டார்கள். கெண்டியிடம் போய் காபி கேட்டால் அது இப்படித்தான் பதில் சொல்ல வேண்டுமாம். வைவாவில் சொன்னால் நான் சிரிப்பேன், மார்க் தரமாட்டேன்.