தம்பி, அந்த 3.0 இன்னும் வெளிவரவே இல்லை

பட்டர்வொர்த்திலிருந்து உங்கள் அம்மா நேற்று இரவு அழைத்தார். "பையன் மூணு நாளா சரியா சாப்பிடல சார், யாரோ வெளிநாட்டுக்காரர் திட்டி எழுதிட்டாராம், இனிமே பினாங்கு பாயான் லெப்பாஸ்ல எந்தக் கம்பெனியும் என்னை எடுக்காதுன்னு சொல்றான்" என்றார். அம்மாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எடுப்பார்கள்மா, பயப்படாதீர்கள். மீதி எல்லாம் தம்பிக்கு.

நீங்கள் எடுத்தது குறிப்பெழுதும் ஒரு சின்ன மென்பொருள், வெளியான பதிப்பு 2.8. அதை எழுதுபவர் 3.0-க்காக வேலை செய்துகொண்டிருக்கிறார், பாதி முடிந்த நிரல் எல்லாரும் பார்க்கும்படி கிட்டில் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் இடம்) கிடக்கிறது. அதை எடுத்து, டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளங்களில் சுலபமாக நிறுவும்படி பேக்கேஜ் செய்து (நிறுவக்கூடிய ஒரே பொட்டலமாகக் கட்டி), 3.0 என்று பெயர் போட்டு ஏற்றிவிட்டீர்கள். ரெஸ்யூமேயில் காட்ட ஏதாவது வேண்டும் என்ற அவசரம், எனக்குப் புரிகிறது. ஆனால் அதை நிறுவிய ஒருவர் தன் குறிப்புகளைத் திறந்ததும் கோப்பு புது வடிவத்துக்கு மாறிவிட்டது, பயந்துபோய் 2.8-க்குத் திரும்பினால் அது அந்தக் கோப்பைத் திறக்க மாட்டேன் என்கிறது. அவர் உங்களிடம் வரவில்லை, நேராக எழுதியவரிடம் போய் "உங்கள் 3.0 என் குறிப்புகளைக் கெடுத்துவிட்டது" என்றார். 3.0 என்று எதையுமே வெளியிடாத மனிதர் அவர், நீங்கள் எந்த நாளின் நிரலை எடுத்தீர்கள் என்றும் தெரியாது, பிழையை எங்கே போய்த் தேடுவார்? அவர் உங்களைத் திட்டி எழுதிய அந்தக் கோபம் நியாயமானது.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2000-ல் ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் 7 வந்தபோது அதில் ஜி.சி.சி 2.96 என்றொரு கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கருவி) இருந்தது. ஜி.சி.சி குழு அப்படி ஒரு பதிப்பை வெளியிடவே இல்லை, வளர்ச்சியில் இருந்த நிரலை எடுத்து ரெட் ஹேட்காரர்கள் அந்த எண்ணைக் கொடுத்திருந்தார்கள். அதில் தொகுத்த சி++ நிரல்கள் முந்தைய 2.95-ஓடும் சேராது, வரப்போகும் 3.0-ஓடும் சேராது என்று ஜி.சி.சி குழு பகிரங்கமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. உண்மையான 3.0 வந்தது 2001 ஜூனில்தான்.

சரி, உங்கள் பேக்கேஜுக்கு வருவோம், எனக்கு அதிகம் கவலை தருவது அந்த எண். நாளைக்கு உண்மையான 3.0 வெளியாகும். உங்கள் பேக்கேஜை வைத்திருப்பவரின் கணினி "என்னிடம் 3.0 ஏற்கெனவே இருக்கிறதே" என்று சும்மா இருந்துவிடும், அவர் அந்த அரைகுறையோடேயே மாதக்கணக்கில் கிடப்பார். "3.0~கிட்20250310" என்று போட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை, ஏனென்றால் அந்த அலைக்குறி இருந்தால் டெபியன் அதை 3.0-ஐவிடக் குறைந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும், எந்த நாளின் நிரல் என்பதும் பெயரிலேயே தெரிந்துவிடும். கணினி குறைந்த எண்ணுக்குத் தானாகத் திரும்பாது, அதனால் இப்போது பழைய 2.8-ஐத் திரும்பக் கொடுக்க "3.0+ரியலி2.8" என்று எண் போட வேண்டும் (ரியலி என்றால் 'உண்மையில்'; கிட், ரியலி இரண்டையும் ஆங்கில எழுத்தில்), உண்மையான 3.0 வந்தாலும் "3.0+ரியலி3.0" என்றுதான் போக வேண்டும், அதற்கும் அடுத்த பதிப்பு வரும்வரை அந்த வால் போகாது. பார்க்க அசிங்கம்தான், ஆனால் டெபியன்காரர்களே செய்யும் வழி அது.

இதை இன்றைக்கே செய்யுங்கள். ஏற்கெனவே மாறிப்போன கோப்புகளை 2.8 திறக்காது, அதனால் பேக்கேஜின் பக்கத்தில் முதல் வரியிலேயே நடந்ததைச் சொல்லி, பழைய நகல் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், புகார் வர வேண்டிய முகவரி உங்களுடையது என்று போடுங்கள். அப்புறம் எழுதியவருக்கு நாலு வரி மன்னிப்பு, காரணம் எதுவும் அடுக்காமல். புது நிரலை நாலு பேர் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு டெபியனிலேயே எக்ஸ்பெரிமென்டல் என்று தனி இடம் இருக்கிறது, நீங்களும் அதுபோலத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

வேலை விஷயம். 1972-ல் இன்டெல் பினாங்குக்கு வந்ததிலிருந்து இங்கே சிப் சோதிக்கும் வேலைக்குப் போனவர்கள் நம் குடும்பங்களிலேயே எத்தனை பேர், அவர்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சோதனை நிலையில் இருக்கும் சிப்பை இன்ஜினியரிங் சாம்பிள் என்று தனியாக அடையாளம் போட்டுத்தான் கையாளுவார்கள், அது கடைக்குப் போகாது. அதனால் இன்டர்ன்ஷிப் நேர்காணலில் எதிரே உட்காருபவருக்கு நீங்கள் செய்த தவறு உடனே புரியும், அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதைத்தான் துருவிக் கேட்பார். அந்த பேக்கேஜை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிடாதீர்கள். என்ன எண் போட்டேன், யாருக்கு என்ன கெட்டது, எப்படித் திருத்தினேன் என்று மூன்று நிமிடம் பேசத் தெரிந்த மாணவர்கள் என்னிடம் அதிகம் வருவதில்லை.

திருத்திய பேக்கேஜை ஏற்றியதும் எனக்கு ஒரு வார்த்தை அனுப்புங்கள், சனிக்கிழமை உட்கார்ந்து விண்ணப்பக் கடிதத்தை எழுதிவிடுவோம். அதற்கு முன்னால் அம்மா வைத்திருப்பதைச் சாப்பிடுங்கள்.