துரை வீட்டுப் பாட்டா, நம்ம பாட்டா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா, பிக் பேண்ட் (சாக்ஸபோன், டிரம்பெட் எல்லாம் கூட்டமாக வாசிக்கும் அமெரிக்க ஜாஸ் குழு), லைட் ஆபரா இசை பற்றி ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதற்கு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் கட்டுக் கட்டாகக் கடிதங்கள். சரி, இந்த இதழ் முழுக்க மலைக்காரர்களுக்கே.

கேள்வி (கோத்தகிரி வாசகர்): என் தாத்தா ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். துரை ஊருக்குத் திரும்பும்போது சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டியையும் ஒரு பெட்டி நிறைய தட்டுகளையும் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். பரணில் கிடந்து எல்லாத் தட்டிலும் வெள்ளையாகப் பூஞ்சை. காப்பாற்ற முடியுமா, தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பூஞ்சை மேலோடு நிற்கும், தட்டின் கோடுகளுக்குள் இறங்கியிருக்காது. முதலில் தட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக, தட்டினால் பீங்கான் மாதிரி 'ணங்' என்று கேட்டால் அது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டு. அரக்கையும் கல்பொடியையும் கலந்து செய்தது. லேசாக, வளைந்து கொடுத்தால் பிற்காலத்து எல்பி தட்டு, அது வினைல் என்ற பிளாஸ்டிக். இதைப் பிரித்துப் பார்க்காமல் கை வைக்கவே கூடாது. ஏனென்றால் எல்பியைத் துடைக்கலாம் என்று சிலர் சொல்லும் ஸ்பிரிட்டை 78 தட்டில் தடவினால் அரக்கு கரைந்து, அதிலிருக்கும் பாட்டும் அதோடு போய்விடும்.

78 தட்டுக்கு டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். மென்மையான பிரஷ்ஷால் கோடு ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். நடுவில் ஒட்டியிருக்கும் காகித லேபிளில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முறை அலசி, பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் நிற்க வைத்து உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அப்பளமாக வளைந்துவிடும்.

முள் விஷயம் முக்கியம். அந்தப் பெட்டியில் இரும்பு முள்தான் போடுவார்கள். தட்டிலிருக்கும் கல்பொடி அந்த முள்ளைத் தேய்த்துத் தேய்த்துத் தன் கோட்டுக்குப் பொருந்த வைக்கும், அதனால் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பதுதான் கணக்கு. பழைய முள்ளையே மறுபடி போட்டால் அது தட்டை அறுக்கும். எல்பி எதையும் மறந்தும் அந்தப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், ஒரே தடவையில் கோடு நாசமாகிவிடும்.

உங்கள் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, ஐப்பசி கார்த்திகையில் சுவரெல்லாம் ஓதம் காக்கும். ஆகவே பரண் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். வீட்டின் உள்பக்க அலமாரியில், படுக்கப் போடாமல், நிமிர்த்தி வையுங்கள். பழைய காகித உறைகளை மாற்றிவிடுங்கள், பூஞ்சை குடியிருப்பதே அங்கேதான்.

கேள்வி (குன்னூர் பள்ளி ஆசிரியை): கேட்டால் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் புரியவில்லை. நோட்ஸ், அதாவது இசைக் குறியீடு, படிக்கத் தெரியாமல் இந்த இசையை ரசிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். இந்த இசையில் பெரும்பகுதி ஆடுவதற்கும், பூங்காவில் உலாவுவதற்கும், சிரிப்பதற்கும் எழுதப்பட்டது, பரீட்சை எழுதுவதற்காக யாரும் எழுதவில்லை. நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: மூன்று நிமிடப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு வாத்தியத்தின் பின்னால் மட்டும் போங்கள். மூன்று நிமிடம் என்பதும் தற்செயல் இல்லை. பத்து அங்குல 78 தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய அவ்வளவுதான் பிடிக்கும், அதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும் என்பதால் வெட்டியாக ஒரு நொடி இருக்காது.

கிளென் மில்லர் குழு 1939-ல் பதிவு செய்த 'இன் த மூட்' எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை சாக்ஸபோன்களை மட்டும் கவனியுங்கள். ஒரு சின்னச் சுற்று, அதையே விடாமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அடுத்த தடவை டிரம்பெட், டிராம்போன்: சாக்ஸ் ஒன்று சொல்ல, இவர்கள் இடையில் புகுந்து பதில் சொல்வார்கள். நடுவில் இரண்டு டெனர் சாக்ஸ்காரர்கள் மாறி மாறி வாசிப்பது சவால் மாதிரியே இருக்கும், கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டவர்களுக்கு அந்தப் போட்டி உடனே பிடிபட்டுவிடும். அப்புறம் கடைசிப் பகுதி. அதே சுற்று மெல்லக் குறைந்து, இன்னும் குறைந்து, மேட்டுப்பாளையம் மலை ரயில் வளைவுக்கு வளைவு தூரமாகிப் போவது போல ஏறக்குறைய காணாமல் போகும். முடிந்துவிட்டது என்று நினைத்தால் மொத்தக் குழுவும் ஒரே அடியாக எழுந்துவிடும். அந்த இடத்தை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சலித்ததில்லை.

இது பழகியபின் யோகான் ஸ்ட்ராஸின் 'நீல டான்யூப்' வால்ட்ஸ், அதாவது ஜோடியாகச் சுற்றி ஆடுவதற்கான இசை. 1867-ல் வியன்னாவில் முதலில் கேட்டது. ஆரம்பத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வால்ட்ஸே வராது, வயலின்கள் நடுங்கிக்கொண்டிருக்க ஹார்ன் மட்டும் மெல்லக் கூப்பிடும், பொறுமையாக இருங்கள். வந்தபின் மூன்று மூன்றாக எண்ணிப் பாருங்கள், நம் திஸ்ரம்தான். ஆனால் வியன்னாக்காரர்கள் வாசிக்கும்போது இரண்டாவது அடி ஒரு மயிரிழை முந்தி விழும். வால்ட்ஸின் ஆட்டமே அந்த மயிரிழையில்தான் இருக்கிறது.

கேள்வி (ஊட்டி வாசகர்): ஹெட்போனா, ஸ்பீக்கரா?

பதில்: ஸ்பீக்கர். இருபது முப்பது பேர் ஓர் அறையில் வாசித்ததை ஓர் அறையில்தான் கேட்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் ஹெட்போன்.

கேள்வி (கூடலூர் வாசகி): லைட் ஆபரா என்று எழுதியிருந்தீர்கள். ஆபரா என்றாலே பெரிய குரலில் கத்துவது என்றுதான் எனக்குத் தெரியும். இங்கிலீஷ் வார்த்தையும் வேகமாகப் போனால் எனக்குப் பிடிபடாது. எனக்கு இது சரிப்படுமா?

பதில்: உங்களுக்குத்தான் சரிப்படும் என்று நினைக்கிறேன். பெரிய ஆபராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டு, முடிவில் யாராவது சாவார்கள். லைட் ஆபராவில் பேச்சு, பாட்டு, ஆட்டம், கேலி எல்லாம் கலந்து வரும், முடிவில் கல்யாணம். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் நடக்கும் நாடகங்களைத் திருவிழாவில் விடிய விடியப் பார்த்தவர்களுக்குப் பேச்சும் பாட்டும் ஒன்றையொன்று தூக்கிக்கொண்டு போகும் இந்த முறை புதிதே இல்லை.

பாரிஸில் ஓஃபன்பாக் 1858-ல் போட்ட 'பாதாளத்தில் ஆர்ஃபியஸ்' நாடகத்திலிருந்து வந்ததுதான் காலை உயரத் தூக்கி ஆடும் கான்கான் ஆட்டத்தின் மெட்டு. உங்களுக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும், பெயர்தான் தெரிந்திருக்காது. வியன்னாவில் ஸ்ட்ராஸின் 'டீ ஃப்ளேடர்மவுஸ்' 1874-ல், லேஹாரின் 'உல்லாச விதவை' 1905-ல். லண்டனில் கில்பர்ட் வசனமும் பாட்டும் எழுத, சல்லிவன் இசை அமைத்தார். இவர்கள் நாடகங்களுக்கென்றே 1881-ல் திறந்த சவாய் அரங்கம்தான் முழுக்க மின்விளக்கில் நடந்த உலகின் முதல் பொதுக் கட்டடம். 1890-ல் அந்த அரங்கத்துக்கு வாங்கிய கம்பளத்தின் செலவை யார் ஏற்பது என்பதில் சண்டை முற்றி கூட்டணியே உடைந்தது. பிறகு ஒட்டினார்கள், ஆனால் பழைய நெருக்கம் திரும்பவில்லை.

மொழி தடை என்றால் பாட்டை விட்டுவிட்டு ஓவர்ச்சரில் தொடங்குங்கள். திரை தூக்குமுன் ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கும் முன்னுரை அது, நாடகத்தின் நல்ல மெட்டெல்லாம் அதிலேயே எட்டிப் பார்த்துவிடும். 'டீ ஃப்ளேடர்மவுஸ்' ஓவர்ச்சரைப் போட்டுவிட்டு வீட்டில் யாரும் கால் ஆட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்களா பாருங்கள். கில்பர்ட்டின் வேகப் பாட்டுகளை, குறிப்பாக 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' நாடகத்தில் மேஜர் ஜெனரல் மூச்சுவிடாமல் தன் படிப்பை அடுக்கும் பாட்டை, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பொருள் பாதி நழுவினாலும் அந்த நாக்கு ஓடுகிற ஓட்டமே விருந்து.

கேள்வி (கொடைக்கானல் கல்லூரி மாணவர்): நான் பிக் பேண்ட் கேட்டால் நண்பர்கள் "துரைமார் விட்டுப்போன மிச்சம்" என்கிறார்கள். பெரியப்பாவும் "நம்ம பாட்டு இல்லையா உனக்கு?" என்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே ஒதுக்கினேன்.

முதலில் பிக் பேண்ட். அதை உண்டாக்கியவர்கள் யார்? அமெரிக்காவின் கறுப்பினக் கலைஞர்கள், அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். டியூக் எலிங்டன், கவுண்ட் பேசி, ஃபிளெட்சர் ஹெண்டர்சன். வெள்ளைக்காரரான பென்னி குட்மேன் புகழ் பெற்றதில் யார் எதை எப்போது வாசிப்பது என்று ஹெண்டர்சன் எழுதிக் கொடுத்த இசை அமைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் குட்மேனும் சிகாகோவில் ஓர் ஏழை யூதத் தையல்காரரின் மகன். 1938 ஜனவரி 16 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் அவர் நடத்திய கச்சேரியில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசித்தார்கள். அந்த நாட்டில் பல ஊர்களில் அவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம் அது. இதைத் துரைமார் மிச்சம் என்று சொல்வது அந்த மனிதர்களுக்குச் செய்கிற அநியாயம். நம் மலையில் துரைமார் வீட்டில் அந்தத் தட்டு இருந்தது, அவ்வளவுதான். எலிங்டன் தன் குழுவோடு 1963-ல் இந்தியாவுக்கே வந்து வாசித்தார், அந்தப் பயணத்தின் பாதிப்பில் பிறந்த 'ஃபார் ஈஸ்ட் சூட்' 1967-ல் தட்டாக வந்தது. அதைத் தேடிக் கேளுங்கள்.

இனி பெரியப்பாவுக்கு. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்தவர். சென்னைக் கோட்டையில் கம்பெனிப் பட்டாளத்து பேண்ட் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டில்தான் 'சந்ததம் பாஹிமாம்' இருக்கிறது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக்கொண்டு நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியைப் பெரியப்பா கேட்பாரா? மதுரை மணி ஐயர் கச்சேரி முடிவில் பாடும் இங்கிலீஷ் நோட்டுக்காக ஜனங்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதை அமைத்தவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். இன்றைக்கும் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் அதை வாசிக்கிறார், யாரும் அந்நியமாக நினைப்பதில்லை.

பம்பாய் ஓட்டல்களில் பிக் பேண்ட் வாசித்த கோவாக்காரர்கள் பலர் அப்புறம் சினிமா ஆர்கெஸ்ட்ராவுக்குப் போனார்கள். சிக் சாக்லெட் என்ற டிரம்பெட்காரருக்கு, அமெரிக்க ஜாஸ் மேதையின் பெயரால், இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்றே பெயர். இங்கே நம் பக்கம், உங்கள் மலையை விட்டு இறங்கினால் வரும் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவோடு தன் சிம்பொனியை அரங்கேற்றினார். இதற்கு மேலும் "நம்ம பாட்டு இல்லையா" என்றால், ஒரு நோட்டுஸ்வரத்தைப் போட்டுவிட்டுப் பெரியப்பா பக்கத்தில் உட்காருங்கள். அவரோடு வாதாடவே வேண்டியிருக்காது.

கேள்வி (வெலிங்டன் வாசகி): அப்பா ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். இப்போது வயதாகிப் பேச்சு குறைந்துவிட்டது. பாட்டு போட்டால் சில சமயம் விரல்கள் அசைகின்றன. என்ன போடலாம்?

பதில்: அம்மா, ஆர்கெஸ்ட்ராவில் வயலின் செய்யும் வேலையை ராணுவ பேண்டில் கிளாரினெட்தான் செய்யும். அதாவது மெட்டைத் தூக்கிச் சுமந்தவர் உங்கள் அப்பா. ஆகவே அவர் விரல் அறிந்த மார்ச்சுகளில் (அணிநடைக்கான இசை) தொடங்குங்கள்: 'கர்னல் போகி' 1914-ல் வந்தது, 'ரடெட்ஸ்கி மார்ச்' 1848-லிருந்து இருக்கிறது, பிறகு சூசாவின் 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்'. அவர் நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் ஆர்ட்டி ஷாவின் 'பிகின் த பிகீன்', 1938 பதிவு. கிளாரினெட் வாசித்த யாராலும் அதை மறக்க முடியாது. நம் கிளாரினெட் எவரெஸ்ட் ஏ.கே.சி. நடராஜனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதே வாத்தியம் தோடியில் பேசுவதை அவர் ரசிப்பார்.

'அபைட் வித் மீ' என்ற கிறிஸ்தவப் பாட்டு மட்டும் முதல் நாளே வேண்டாம். டெல்லியில் குடியரசு தின விழாவை முடித்துவைக்கும் பீட்டிங் ரிட்ரீட் நிகழ்ச்சியில் ராணுவ பேண்டுகள் பல பத்தாண்டுகள் வாசித்து 2022-ல் நிறுத்திய பாட்டு. பட்டாளத்துக்காரர்களுக்கு அதோடு நிறைய நினைவு ஒட்டியிருக்கும், அவர் கொஞ்சம் பழகியபின் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள். ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று பாட்டு போதும். "இது என்ன பாட்டு சொல்லுங்கப்பா" என்று கேட்டுச் சோதிக்க வேண்டாம். எதற்கு விரல் அசைந்தது என்று மட்டும் ஒரு தாளில் குறித்து எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்து என்ன போடலாம் என்று தனியாகப் பட்டியல் அனுப்புகிறேன்.