சார்லி வாட்ஸின் வலது கை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

கல்லூரி நாட்களில் இங்கிலாந்தின் ராக் குழு ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’, ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ இரண்டையும் நாடா தேயும்வரை கேட்டவன் நான். போன வாரம் என் மகன் ‘ஆங்ரி’ பாட்டைப் போட்டான். 2023-ல் வந்த ‘ஹேக்னி டைமண்ட்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டு. “இதுவும் அந்தப் பழசு மாதிரிதானேப்பா இருக்கு?” என்று கேட்டான். எல்லாமே இருக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று குறைகிறது என்று எனக்குப் பட்டது. அது என்னவென்று அவனிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட்டு இளைத்துவிட்டதா, எனக்கு வயதாகிவிட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு வயதாகிவிட்டது. எனக்கும்தான். பத்தொன்பது வயதில் காதுக்குள் போய் உட்கார்ந்த பாட்டோடு எந்தப் புதுப் பாட்டும் மல்லுக்கட்ட முடியாது. அதில் பாட்டு பாதி, அந்த வயது பாதி.

இன்னொரு அநியாயமும் செய்கிறோம். பழைய காலம் என்றால் 1968 முதல் 1972 வரை வந்த நான்கு ஆல்பங்களை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். அதற்குச் சற்று முன்னால், 1967 டிசம்பரில், இதே ஆட்கள் ‘தேர் சேட்டானிக் மெஜஸ்டீஸ் ரிக்வெஸ்ட்’ போட்டார்கள். அன்றைய மோகத்துக்காகப் போட்ட வேஷம், ஒட்டவில்லை. நீங்கள் கொண்டாடும் ‘எக்ஸைல்’ வெளிவந்தபோதும் கலவையான வரவேற்புதான். பிற்காலத்தை மட்டும் ஆல்பம் ஆல்பமாக, பாட்டுப் பாட்டாக எடைபோடுகிறோம்.

எது பழசு, எது புதுசு என்பதிலும் நம் காது அவ்வளவு நம்பகமானதல்ல. 1981-ல் ‘ஸ்டார்ட் மீ அப்’ வந்தபோது, இதோ மறுபடி எழுந்துவிட்டார்கள் என்று ஊரே துள்ளியது. உண்மையில் அது சில ஆண்டுகளாகக் கிடப்பில் கிடந்த சரக்கு. ஜமைக்காவின் ரெகே பாணியில் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்து, சரிவராமல் விட்டுவிட்டார்கள். நடுவில் ராக்காக வாசித்த ஒரு பதிவை ஒலிப்பதிவாளர் கிரிஸ் கிம்ஸி பழைய நாடாக்களுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார். ‘டாட்டூ யூ’ ஆல்பமே பெரும்பாலும் அப்படிச் சேர்ந்ததுதான்.

இத்தனைக்குப் பிறகும் நீங்கள் சொல்கிற குறை இருக்கத்தான் செய்கிறது. அதை மெட்டில் தேடாதீர்கள், டிரம்ஸில் தேடுங்கள்.

குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ் வாசிக்கும் காணொளி ஏதாவது ஒன்றை எடுத்து, அவருடைய வலது கையை மட்டும் பாருங்கள். பொதுவாக ராக் டிரம்மர்கள் ஹை-ஹேட் என்கிற ஜோடித் தாளத்தட்டை விடாமல் தட்டிக்கொண்டே போவார்கள். நாலு தட்டுத் தாளத்தில், இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் இடது கை ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மில் விழும்போது வலது கையும் கூடவே ஹை-ஹேட்டில் விழும். வாட்ஸ் அந்த இடம் வந்ததும் வலது கையைத் தூக்கிவிடுவார். ஸ்நேர் தனியாக விழும். ஒரு நொடியைவிடச் சிறிய இடைவெளிதான், ஆனால் பாட்டு மூச்சு விடுவது அங்கேதான். போதாததற்கு, மற்ற குழுக்களில் எல்லோரும் டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றால், இங்கே டிரம்ஸ் கீத் ரிச்சர்ட்ஸின் கிடாரைப் பிடித்துக்கொண்டு போகும். கீத் முன்னால் ஓர் அடி வைப்பார், வாட்ஸ் கொஞ்சம் தள்ளி வந்து சேர்வார். விழப்போகிறது என்று நினைப்போம், விழாது. கீத், அடிச் சுருதிக்கான ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்து கம்பியில், ஓப்பன் ஜி சுருதியில் (விரல் அழுத்தாமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும்) வாசிப்பவர். அந்தக் கிடாரிலும் அடியில் இடம் காலியாகத்தான் இருக்கும்.

‘ஆங்ரி’யில் வாட்ஸ் இல்லை. 2021 ஆகஸ்டில், எண்பது வயதில் போய்விட்டார். ஸ்டீவ் ஜோர்டன் வாசிக்கிறார். சாதாரண ஆளில்லை அவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆண்ட்ரூ வாட்டின் தயாரிப்பில் ஒவ்வோர் ஒலியும் அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. உங்கள் மகன் கேட்டது முகஜாடை. அது அப்படியே இருக்கிறது. உங்களுக்குப் பழக்கமானது நடை.

உடனே நீங்கள் மடக்கலாம். ‘யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்’டில் வாட்ஸ் வாசிக்கவில்லையே என்று. உண்மைதான், அதில் வாசித்தது தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். அவரே டிரம்மர். அந்த ஐந்தாண்டில் ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கும் தாளம்தான் முக்கியம் என்பது என் கட்சிக்கே பலம். (1986-ன் ‘டர்ட்டி வொர்க்’கில் வாட்ஸ் இருக்கிறார், எனக்கு ஒரு பாட்டுகூடத் தேறவில்லை. ஆக வாட்ஸ் ஒருவர் மட்டும் போதாது.)

‘எக்ஸைல்’ காலத்தில் வரிக்கு பயந்து இங்கிலாந்தைவிட்டு வெளியேறியிருந்தார்கள். பிரான்ஸின் தென்கரையில் கீத் வாடகைக்கு எடுத்த மாளிகையின் நிலவறையில் 1971 கோடையில் வாசித்தார்கள். ஒலிப்பதிவு லாரி வெளியே நிற்கும். புழுக்கத்தில் கிடார்கள் சுருதி விலகும். அந்தக் கசகசப்பு ஆல்பத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் பிறகு லாஸ் ஏஞ்சலஸில் உட்கார்ந்து மாதக்கணக்கில் இழைத்தார்கள் என்பதை ரசிகர்கள் சொல்வதில்லை.

அப்படியானால் வயதான ஸ்டோன்ஸிடம் ஒன்றுமே இல்லையா? ‘புளூ அண்ட் லோன்சம்’ ஆல்பம் கேட்டீர்களா? 2015 டிசம்பரில் புதுப் பாட்டுகள் பதிவுசெய்யப் போனவர்கள், கை சூடேறட்டும் என்று அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய புளூஸ் பாட்டுகளை வாசித்தார்கள். மூன்றே நாளில் பன்னிரண்டு பாட்டு முடிந்தது. பக்கத்து ஸ்டூடியோவில் இருந்த கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனும் வந்து இரண்டு பாட்டில் சேர்ந்துகொண்டார். குழுவின் பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது 72 வயது. ‘ஜஸ்ட் யுவர் ஃபூல்’ பாட்டில் அவர் ஊதும் ஹார்மோனிகாவை இளையவர் யாராவது ஊதிக்காட்டட்டும். ஆனால் சொந்தப் பாட்டு ஒன்றுகூட அதில் கிடையாது. ‘எ பிக்கர் பேங்’ வந்த 2005-க்கும் 2023-க்கும் நடுவில், பதினெட்டு வருஷம், சொந்தப் பாட்டுகளோடு ஒரு ஆல்பம்கூட அவர்களால் முடிக்க முடியவில்லை. தாங்கள் யார் என்ற பாரத்தோடு எழுதும்போது திணறுகிறார்கள், சின்ன வயதில் யாரைக் கேட்டு வளர்ந்தார்களோ அவர்களை வாசிக்கும்போது பறக்கிறார்கள். பழைய நான்கு ஆல்பங்களுக்கு அடுத்து என் அலமாரியில் இருப்பது இதுதான், அவர்களுடைய ‘சம் கேர்ள்ஸ்’ ஆல்பம்கூட அதற்குப் பிறகுதான்.

‘ஹேக்னி டைமண்ட்ஸை’ ஒதுக்கிவிடாதீர்கள். அதில் இரண்டு பாட்டுக்கு வாட்ஸின் பழைய பதிவு இருக்கிறது. ஒன்று ‘மெஸ் இட் அப்’, மற்றது ‘லிவ் பை த ஸ்வோர்ட்’. இரண்டாவதில் பாஸ் கிடார் பில் வைமன், அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் குழுவைவிட்டு விலகியவர். ‘ஆங்ரி’யையும் ‘லிவ் பை த ஸ்வோர்ட்’டையும் அடுத்தடுத்து மகனுக்குப் போட்டுக்காட்டுங்கள். எதில் யார் வாசிக்கிறார்கள் என்று முதலில் சொல்லாதீர்கள். பிறகு ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1950-ல் பாடியது. குழுவுக்குப் பெயர் கிடைத்ததே அதிலிருந்துதான். ஜாகரும் கீத்தும் மட்டும் வாசிக்கிறார்கள், டிரம்ஸே கிடையாது. அதைக் கேட்டுவிட்டு மகன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.