சைடரை வினிகராக்க என்னென்ன கருவிகள் வேண்டும்? கடலோரத்தில் ஸ்டீல் டிரம் தாங்குமா?

நீங்கள் கேட்டது: ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம், கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. 20 லிட்டர் ஆப்பிள் சைடர், அதாவது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது, தயாராக இருக்கிறது. அதை வினிகராக்க, பித்தளைக் குழாய் வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரம் ஒன்றை ஆர்டர் போடப் போகிறீர்கள், சரியா?

வேண்டாம். பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது அகன்ற வாய் கொண்ட பாத்திரம், உலோகம் இல்லாத குழாய், அமிலத்தை அளக்க ஒரு பியூரெட் (சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும், கோடு போட்ட கண்ணாடிக் குழல்). மற்றதெல்லாம் அப்புறம்.

டிரம் ஏன் வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சைடர் போடும்போது காற்று உள்ளே வராமல் பார்த்துக்கொள்வோம். வினிகருக்கு அப்படியே எதிர்: காற்று இல்லாமல் வேலையே நடக்காது. அசிட்டோபாக்டர் என்ற நுண்ணுயிர் ஆல்கஹாலை ஆக்சிஜனோடு சேர்த்து அசிட்டிக் அமிலமாக்குகிறது. 6% ஆல்கஹால் உள்ள 20 லிட்டர் சைடரில் 950 கிராம் அளவுக்கு ஆல்கஹால் இருக்கும். அது முழுவதும் மாற 650 கிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் வேண்டும். காற்றாகச் சொன்னால் ஏறக்குறைய 2,500 லிட்டர். அவ்வளவும் திரவத்தின் மேல்பரப்பு வழியாகத்தான் இறங்க வேண்டும். உயரமான, வாய் குறுகிய, மூடி இறுகிய டிரம்மில் எந்த வழியாக இறங்கும்? மூன்று மாதம் கழித்துத் திறந்தால் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் நெடி அடிக்கும். அது எத்தில் அசிட்டேட். காற்று போதாமல் வேலை பாதியில் நின்றதன் அடையாளம்.

கணக்கு இது. வாய் 35 செ.மீ. அகலமுள்ள பாத்திரத்தில் 13 லிட்டர் ஊற்றினால் ஆழம் 13–14 செ.மீ. நிற்கும். அது நல்ல ஆழம். 20 செ.மீ.க்கு மேல் போனால் நாள் கூடிக்கொண்டே போகும். ஆகவே ஒரே பெரிய பாத்திரத்தைவிட இரண்டு அகன்ற பாத்திரங்கள் மேல். ஒன்று கெட்டாலும் மற்றது தப்பும்.

இனி உலோகம். பித்தளையும் செம்பும் அசிட்டிக் அமிலத்தில் பச்சைக் களிம்பு பூக்கும். அது விஷம், பேச்சுக்கே இடமில்லை. அலுமினியம் குழி விழும். துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளியில் துத்தநாகம் கரைந்து இறங்கும், அதைக் குடித்தால் வாந்தி. இரும்பு பட்டால் ஆப்பிளின் துவர்ப்போடு சேர்ந்து வினிகர் கறுக்கும். “ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, என்ன ஆகும்?” என்று கீழே பின்னூட்டத்தில் யாராவது கேட்பார்கள் என்று தெரியும். 304 தர ஸ்டீல் வினிகரை மட்டும் என்றால் ஓரளவு தாங்கும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடும் அமிலமும் சேர்ந்தால் வெல்டு வைத்த இடத்தில் ஊசிக்குத்து மாதிரி அரிப்பு தொடங்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உங்கள் பக்கம் ஜன்னல் கம்பியில் உப்பு படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதே உப்பு டிரம்மின் விளிம்பிலும் படியும். ஸ்டீல்தான் வேண்டும் என்றால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 எல் தரம் வாங்க வேண்டும். 20 லிட்டருக்கு அந்தச் செலவு வீண். இன்னொன்று, கடைகளில் ‘ஸ்டீல் குழாய்’ என்று கொடுப்பதில் பல, குரோமியம் பூசிய பித்தளை. ஆணியால் மறைவான இடத்தில் லேசாகக் கீறிப் பாருங்கள், மஞ்சள் தெரியும். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த குழாயும் சிலிக்கான் வாஷரும் வாங்குங்கள். குழாயைப் பாத்திரத்தின் அடியில் வைக்காதீர்கள், அடியிலிருந்து 5 செ.மீ. மேலே வையுங்கள். வண்டல் கீழேயே தங்கிவிடும்.

பாத்திரம் எது? உணவுத் தர எச்.டி.பி.இ. (கெட்டிப் பிளாஸ்டிக்) வாளி, அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று அச்சிட்டது. அல்லது அகன்ற கண்ணாடி ஜாடி. நீல டிரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் பழையதை எடுக்காதீர்கள். மீனோ டீசலோ ஒரு தரம் இருந்த பிளாஸ்டிக்கிலிருந்து அந்த வாடை போகவே போகாது, அமிலம் அதை இன்னும் வெளியே இழுக்கும். பீங்கான் ஊறுகாய் ஜாடி நல்லதுதான், ஆனால் பழைய ஜாடியின் மெருகில் ஈயம் இருக்கலாம். வெடிப்பு விட்டது, மெருகு உரிந்தது என்றால் தொடாதீர்கள்.

மண்பானையில் செய்யக் கூடாதா? கூடும். தலைமுறை தலைமுறையாகச் செய்ததுதான், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மெருகிடாத மானாமதுரைப் பானை தண்ணீரைக் குளிர வைப்பதே கசிவதால்தான். சைடரும் அப்படியே கசியும். வெளிச்சுவரில் ஈயும் பூசணமும் சேரும். கழுத்தும் குறுகல்.

மேலே மூட, துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணி நான்கு மடிப்பு. கொசுவலை மட்டும் போதாது, பழ ஈ அதில் நுழைந்துவிடும். துணியை எலாஸ்டிக்கால் இறுக்குங்கள். ஒரு ஈ போனாலும் நாலு நாளில் புழு. பலகையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்புத் தொல்லை இருக்காது.

தயிருக்கு உறை மோர் மாதிரி, இதற்கு விதை வினிகர்தான் உயிர். பாஸ்டரைஸ் செய்யாத, மதர் (அந்த நுண்ணுயிர் கட்டும் ஆடை) உள்ள வினிகர் வேண்டும். 20 லிட்டர் சைடருக்கு 5% அமிலமுள்ள விதை வினிகர் 6 முதல் 7 லிட்டர். “இவ்வளவா? ஒரு பாட்டில் போதும் என்கிறார்களே” என்பீர்கள். ஒரு பாட்டிலிலும் ஆகலாம், ஆகாமலும் போகலாம். இந்த அளவு ஊற்றினால் தொடக்கத்திலேயே அமிலம் 1.2% ஆகிவிடும். பூசணமும் வெள்ளை ஈஸ்ட்டும் அந்த அமிலத்தில் தலையெடுக்கத் திணறும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் இந்தக் காப்பு இல்லாமல் திறந்த பாத்திரம் வைப்பது துணிச்சல். அவ்வளவு விதை வாங்க முடியாவிட்டால் 3 லிட்டர் சைடரும் 1 லிட்டர் விதையுமாகத் தொடங்கி, அது வினிகரானதும் அதையே அடுத்ததற்கு விதையாக்குங்கள். மீதிச் சைடரை அதுவரை கழுத்து நிறைய ஊற்றி இறுக மூடி வையுங்கள்.

சைடரில் கெடாமல் இருக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போட்டிருந்தால் மதர் படியாது. பெட்டி ஜூஸிலிருந்து தொடங்கியவர்கள் சோடியம் பென்சோயேட், சார்பேட் போன்ற கெடாமல் காக்கும் பொருள்கள் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். ஆல்கஹால் 7%க்கு மேல் இருந்தால் தண்ணீர் சேர்த்துக் குறைக்க வேண்டும். இங்கேதான் ராமநாதபுரத்துக்காரர்களுக்குக் கண்டம். உவர்ப்பான போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பு மதரை மந்தமாக்கும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். கொதிக்க வைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

வெப்பம் 27 முதல் 32 டிகிரி வரை இருப்பது உத்தமம். சித்திரை, வைகாசியில் அறைக்குள் 35 தாண்டும்போது மதர் சுணங்கும். ஈரச் சாக்கு சுற்றினால் காற்று வறண்டு வீசும் நாளில் குளிரும், கடற்காற்று ஈரமாக இருக்கும் நாளில் பலன் குறைவு. ஓலைக் கொட்டகையில், மணல் பரப்பி அதன்மேல் வைப்பது தகரக் கூரைக்கு எவ்வளவோ மேல். அதோடு, அமில ஆவி தகரத்தையும் மின்விசிறியையும் தின்னும், சிந்தினால் சிமெண்ட் தரை பொரியும்.

10–15 நாளில் மேலே வழவழப்பான, மங்கிய ஆடை படரும். அதுதான் தாய்ப்படலம். வறண்டு சுருக்கம் சுருக்கமாக வெள்ளையாக வந்தால் அது ஈஸ்ட், வழித்தெடுத்துவிட்டு விதை வினிகர் கூட்டுங்கள். பச்சையோ கறுப்போ பூத்தால் முழுவதையும் கொட்டுங்கள். பாத்திரத்தை அசைக்காதீர்கள். ஆடை மூழ்கினால் வேலை நிற்கும், புது ஆடை கட்ட மறுபடி நாள் பிடிக்கும். இடையில் சைடர் சேர்ப்பதானால் மேலே ஊற்றாமல், அடிவரை போகும் சிலிக்கான் குழாயில் புனல் வைத்து மெதுவாக இறக்குங்கள். பிரான்சின் ஓர்லியான் முறையில், படுக்க வைத்த மரப் பீப்பாயில் செய்வதும் இதையேதான்: கால் பங்கு வினிகரைக் கீழிருந்து எடுத்து, அதே அளவை அடியில் சேர்ப்பார்கள். இங்கத்திய சூட்டில் ஆறு முதல் எட்டு வாரம் வையுங்கள்.

அளப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பி.எச். தாளை நம்பாதீர்கள். 4% வினிகரும் 6% வினிகரும் அதில் கிட்டத்தட்ட ஒரே நிறம் காட்டும். மதுரையில் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் 0.1 நார்மல் வலுவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், பினாப்தலீன் (நிறம் மாறிக் காட்டும் திரவம்), பியூரெட், 10 மி.லி. அளந்து எடுக்கும் பிப்பெட் கிடைக்கும். 10 மி.லி. வினிகரோடு காய்ச்சி வடித்த தண்ணீரைச் சேர்த்து மொத்தம் 100 மி.லி. ஆக்குங்கள். அதிலிருந்து 10 மி.லி. எடுத்து, பினாப்தலீன் மூன்று சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைக்கும்வரை பியூரெட்டிலிருந்து அந்தச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். செலவான மி.லி.யை 0.6 ஆல் பெருக்கினால் அமில சதவீதம். 8.3 மி.லி. செலவானால் 5%. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், கரைசல் புட்டியைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து வலு குறைந்துவிடும். ஊறுகாய்க்கு என்றால் 5%. உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி புளிக்கவைத்த வினிகருக்குக் குறைந்தது 3.75% இருக்க வேண்டும்.

வாரம் ஒரு முறை அளந்து, எண் ஏறாமல் நின்றால் அன்றே எடுத்துவிடுங்கள். ஆல்கஹால் முழுதும் தீர்ந்தபின் விட்டுவைத்தால் அதே நுண்ணுயிர் அமிலத்தையே தின்று தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடுமாக்கிவிடும். “நாள் ஆக ஆக வலுக்கும்” என்பது திறந்த பாத்திரத்துக்குப் பொருந்தாது.

மாதம் 50 லிட்டர் எடுக்கும் எண்ணம் இருந்தால் சொட்டு முறைக்கு வாருங்கள்: நுண்ணுயிர் ஒட்டிய சக்கைமேல் சைடரைத் திரும்பத் திரும்பச் சொட்டவிடுவது. 1823இல் ஜெர்மனியின் ஷூட்சென்பாக் வகுத்தது, இன்றும் மலிவானது. 200 லிட்டர் புது டிரம். அடியிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் துளையிட்ட தட்டு. காய்கறி வெட்டும் கெட்டிப் பிளாஸ்டிக் பலகையை வட்டமாக அறுத்துக்கொள்ளலாம். தட்டுக்குக் கீழே, 25 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் எட்டுக் காற்றுத் துளைகள், 12 மி.மீ., வெளியிலிருந்து உள்ளே கீழ்நோக்கிச் சாய்த்து. நேராகப் போட்டால் வழியும். தட்டின்மேல் மக்காச்சோளக் கதிர்ச் சக்கை 45 செ.மீ. உயரம், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் கிடைக்கும். சாயம் இறங்குவது நிற்கும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைத்து, வெயிலில் காயவைத்து, விதை வினிகரில் இரண்டு நாள் ஊறப் போடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் முதல் வாரமே பூசணம். தேங்காய் நார் வேண்டாம், கறை இறங்கிக்கொண்டே இருக்கும்.

அடியில் 50 லிட்டர் நிற்கும். கடல்நீர் மீன்தொட்டிக்கு விற்கும், பீங்கான் அச்சுள்ள பம்பு மேலே ஏற்றி, 3 மி.மீ. துளைத் தட்டு வழியாகத் தூவ வேண்டும். மணிக்கு 10–15 நிமிடம் ஓடினால் போதும். சக்கைக்குள் தெர்மாமீட்டர் செருகி வையுங்கள், இந்த வேலை தானே சூடு எழுப்பும். 34 டிகிரி தாண்டினால், கீழே நிற்கும் திரவத்தில் தண்ணீரை உறையவைத்த பாட்டிலை மிதக்க விடுங்கள். எல்லாம் ஒத்துவந்தால் ஒன்றரை வாரத்துக்குள் முடியும். காற்றைக் குமிழாக அடித்துச் செலுத்தும் இயந்திரம் இன்னும் வேகம்தான். ஆனால் அமிலம் ஏறிய நேரத்தில் காற்று சில நிமிடம் நின்றாலும் அதிலுள்ள நுண்ணுயிர் செத்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் மின்சாரம் போகும் ஊருக்கு அது ஆகாது. சொட்டு முறையில் சக்கை ஈரமாக இருக்கும்வரை சில மணி நேரம் தாங்கும்.

கேட்காததை ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உச்சிப்புளி, பெரியபட்டினம் வழியாகப் போகும்போது கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. காஷ்மீரிலிருந்தும் இமாச்சலிலிருந்தும் வரும் ஆப்பிளைப் பிழிந்து வினிகர் போட நமக்கு ஆசை, காலடியில் ஓடுவதை யாரும் ஏந்துவதில்லை. முற்றிய தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை குறைவு. லிட்டருக்கு 70–80 கிராம் சேர்த்துப் புளிக்கவைத்தால் சைடரின் வலுவுக்கு வந்துவிடும், கருவிகள் இதேதான். பதநீரில் சர்க்கரை தாராளம், ஆனால் சுண்ணாம்பு புளிப்பதைத் தடுக்கும். சுண்ணாம்பு இல்லாமல் இறக்கினால் அது கள், 1987 முதல் தடை. சைடரும் மதுதான், 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வீட்டுக்கும் பொருந்தும். அடுத்த முறை போடுவதற்கு முன், மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை.

முடிந்த வினிகரைத் துணியில் வடிகட்டி, கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்புங்கள். காற்று இடம் விட்டால் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி ஆடை கட்டும். மதர் உயிரோடு வேண்டாம் என்றால் பாட்டிலோடு 65–70 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம். மூடி பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். தகர மூடி இந்தக் காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டாது.