பெங்களூரில் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்க எத்தனை கோழியில் தொடங்கலாம்?

கேள்வி: ராமமூர்த்தி நகரில் 30க்கு 40 சைட்டில் சொந்த வீடு. பின்பக்கம் ஐந்தடி அகலத்துக்கு மண் தரை கிடக்கிறது. வீட்டில் நான்கு பேர், தினம் மூன்று முட்டை வேண்டும். பத்து கிரிராஜா குஞ்சு வாங்கலாமா?

பத்து குஞ்சு வேண்டாம். ஐந்து விடைக்கோழி, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டை, வாங்குங்கள், ஐந்தையும் ஒரே நாளில், ஒரே இடத்தில்.

கிரிராஜா நல்ல இனம்தான். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவானது, நோய் தாங்கும். ஆனால் குஞ்சுகளைப் பெரும்பாலும் சேவல், பெட்டை பிரிக்காமல்தான் தருவார்கள். பத்தில் ஐந்து சேவலாகிவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில், விடிவதற்கு முன்பே ஐந்து சேவல் கூவினால் பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் அது வேண்டும்.

இன்னொரு சிக்கல் தடுப்பூசி. வெள்ளைக் கழிச்சல் என்று ஊரில் சொல்லும் ராணிக்கெட் நோய்க்கு ஒரு வாரக் குஞ்சிலும், நான்காவது வாரத்திலும் சொட்டு மருந்து, எட்டு வாரத்தை ஒட்டி ஊசி. மருந்து பொதுவாக நூறு டோஸ் குப்பியிலோ அதைவிடப் பெரிதிலோதான் வரும். கரைத்த மருந்தை ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மீதியை எடுத்து வைக்க முடியாது. பத்து குஞ்சுக்காக ஒவ்வொரு முறையும் ஒரு குப்பி உடைப்பது கட்டாது. நான்கு மாதம் வரை எல்லா ஊசியும் போட்டு வளர்த்த பெட்டையை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஊசி போட்ட தேதிகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனி முட்டைக் கணக்கு. தினம் மூன்று என்றால் வாரத்துக்கு 21. பிவி 380 மாதிரி பழுப்பு முட்டை இடும் கலப்பினம் நல்ல தீவனத்தில் முதல் வருடம் 280 முட்டை வரை இடும், வாரத்துக்கு ஐந்துக்குக் கொஞ்சம் மேல். நான்கு கோழி போதும். கிரிராஜா வருடத்துக்கு 130 முதல் 150 வரைதான், அதே 21 முட்டைக்கு எட்டு கோழி வேண்டும். சுத்த நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடை உட்கார்ந்துவிடும். ருசிக்காக வளர்க்கலாம், தினப்படித் தேவைக்கு அதை நம்ப முடியாது.

நான்கு போதுமென்றால் ஐந்து எதற்கு? எண்ணிக்கை குறையத்தான் செய்யும். பூனை அடிக்கும், ஒன்று நோயில் போகும், ஒன்று இறகு உதிர்த்து இரண்டு மாதம் முட்டையை நிறுத்தும். போனதற்குப் பதில் ஒரு புதுக்கோழியைக் கூட்டத்தில் விட்டால் பழையவை அதைக் கொத்தித் தலையில் ரத்தம் வரவைத்துவிடும், தீவனத் தட்டுப் பக்கமே விடாது. நான்கில் ஒன்று போனால் உடனே இந்தப் பாட்டுக்கு இறங்க வேண்டியிருக்கும். ஐந்தில் ஒன்று போனாலும் மீதி நான்கு அமைதியாக ஓடும்.

ஐந்துக்கு மேல் போகாததற்குக் காரணம் எச்சம். ஒரு கோழி ஒரு நாளைக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் போடும், ஐந்துக்கு அரைக் கிலோ. உங்கள் ஐந்தடி அகலத்தில் நாலடிக்கு ஐந்தடியில் கூண்டு, பக்கத்தில் பத்தடி நீளத்துக்கு வலை அடைத்த உலாவும் இடம் என்றால் இது தாங்கும். பத்து கோழி அதே இடத்தில் இருந்தால் செப்டம்பர், அக்டோபர் மழையில் தரை சேறாகி, மூக்கைப் பொத்தும் நாற்றமும் ரத்தக் கழிச்சலும் வந்துவிடும்.

கூண்டுத் தரையில் நான்கு அங்குலத்துக்கு உமியோ மரச்சீவலோ போட்டு வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். அந்த இடத்தை அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள், தண்ணீர்க் குவளை சிந்துகிறதா என்றும் பாருங்கள். பாதித் தடவை அதுதான் காரணம். முட்டையிட ஓரடிக்கு ஓரடி பெட்டி ஒன்று போதும், இரண்டு வைத்தால் சண்டை குறையும்.

வலை அரை அங்குல வெல்டு மெஷ்ஷாக இருக்கட்டும். அறுகோணக் கோழிவலையை நாய் கிழித்துவிடும். பெருச்சாளி அடியில் குடையும், அதனால் வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள்.

தீவனம் தலைக்கு 115 கிராம் என்றால் மாதம் பதினேழு கிலோ. ஐம்பது கிலோ மூட்டை மலிவாகத் தெரியும், ஆனால் மூன்று மாதம் கிடந்து மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைத் தீவனம் கோழியின் ஈரலைக் கெடுக்கும். சில்லறையாக வாங்குங்கள், அல்லது யாரோடாவது பங்கு போடுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தோடு கிளிஞ்சல் தனித் தட்டில் இருக்கட்டும். மிச்சச் சோறு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், கொழுப்பு வைத்து முட்டை குறையும். பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) தோலும் கொட்டையும் இலையும் கோழிக்கு விஷம். பெங்களூர் வீடுகளில் அந்த மரம் நிறைய, பக்கத்து வீட்டிலிருந்து உள்ளே விழுகிறதா என்று கவனியுங்கள்.

வாங்கும்போது கொண்டையைப் பாருங்கள். வெளிறி இருந்தால் முட்டைக்கு இன்னும் நாள் இருக்கிறது. சிவந்து வந்திருந்தால் முதுகில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்துங்கள். இறக்கையைக் கொஞ்சம் விரித்துத் தரையோடு குந்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் முட்டை வரும்.

இரண்டாம் வருடத்தில் முட்டை குறையும். அப்போது மொத்தம் ஐந்தைத் தாண்டாதபடி பழையதைக் குறைத்து, புதிதாக மூன்று வாங்கி ஒரு மாதம் தனியே வைத்து, பிறகு ஒரு வாரம் வலைக்கு இந்தப் பக்கம் வைத்துப் பழக்கி, இரவில் பழையவை தூங்கும்போது கூண்டில் ஏற்றிவிடுங்கள்.